பொன்னும் பணமும் குறுக்கே போனது

சுபன்புரிப் பக்கத்தில் பிள்ளையைப் பன்றி என்று கூப்பிடுவார்கள், தவளை என்று கூப்பிடுவார்கள், ஒருவருக்கும் கோபம் வராது. உடும்புக்கு மட்டும்தான் அங்கே போதாத காலம். அதன் பெயர் ஹியா. ஆனால் அந்த ஊர்களில் அது பெயர் இல்லை, வசவு. அதுவும் எப்பேர்ப்பட்ட வசவு! சொல்கிற விதத்தில் சொன்னால் கத்தி எடுத்துக்கொண்டு வருவார்கள். அதனால் நாசூக்கானவர்கள் அந்தப் பிராணியைப் 'பொன்னும் பணமும்' என்று இடக்கரடக்கலாகச் சொல்வார்கள். கொத்தினால் ஆளைக் கொல்லும் பாம்பை நாம் நல்ல பாம்பு என்று சொல்லவில்லையா, அந்த மாதிரி.

தவினுக்கு நாசூக்கு கிடையாது. வெகுகாலம் மணல் லாரி ஓட்டியவன். டயர் வெடித்தாலும் ஹியா, பலாப்பழம் இனித்தாலும் ஹியா. அப்படிப்பட்டவன் போயும் போயும் யார் மகள் மேல் ஆசை வைத்தான்? ஓய்வுபெற்ற மொழி ஆசிரியர் சனித்தின் மகள் ரச்சனி மேல். சனித் வாத்தியார் கல்யாணப் பத்திரிகை வந்தால்கூடச் சிவப்பு மையால் பிழை திருத்தித் திருப்பி அனுப்புகிற ஆள்.

முதல் தடவை பெண் கேட்டுப் போனபோது காபி நாக்கைச் சுட்டுவிட்டது. தவின் அந்த வார்த்தையைச் சொல்லிவிட்டான். வாத்தியார் எழுந்து கதவைத் திறந்துவிட்டார். ரச்சனி அழுது, சாப்பிடாமல் கிடந்து, அப்பாவை ஒருவழியாக இறக்கிக்கொண்டு வந்தாள். அப்போது அவர் ஒரு நிபந்தனை போட்டார்.

"இங்க பாரு, மணல் லாரி. கல்யாண முகூர்த்தம் முடியற வரைக்கும் அந்த வார்த்தை உன் வாயிலேர்ந்து ஒரு தடவை வந்தா, பொண்ணு கிடையாது. புத்தர் முன்னால சத்தியம் பண்ணு."

தவின் விழுந்து கும்பிட்டுச் சத்தியம் செய்தான். அன்றிலிருந்து ஆள் பாதி ஊமையாகிவிட்டான். கட்டைவிரல் மேல் ஜாக்கி விழுந்தபோது "அடடா" என்றான். கூட வேலை செய்கிறவர்கள் பயந்துபோய் அவனை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனார்கள். அவ்வளவு ஆசை அவனுக்கு அவள் மேல். ரச்சனி இல்லாவிட்டால் தனக்கு வேறு வாழ்க்கை இல்லை என்று நிஜமாகவே நம்பினான்.

கல்யாணத்தன்று காலையில் தவினே பிக்கப்பை ஓட்டிக்கொண்டு கிளம்பினான். பேசி வைத்திருந்த டிரைவர் முந்தின நாள் விருந்திலேயே கவிழ்ந்துவிட்டான். பக்கத்து சீட்டில் அக்கா புப்பா, மடியில் துணி போட்டு மூடிய பரிசத் தட்டு. பின்னால் வரிசைத் தட்டுகள், வாழைக்கன்று, கரும்பு, நீள மேளத்தோடு இரண்டு கூட்டாளிகள். ஒருவன் பெயர் மூ, அதாவது பன்றி. இன்னொருவன் கோப், அதாவது தவளை.

வாய்க்கால் கரை ரோட்டில் கோயில் வளைவு தாண்டியதும் கோரைப்புல்லுக்குள்ளிருந்து அது வந்தது. ஆள் நீளம். கல்யாண வீட்டுப் பெரிய மாமா பந்தி பார்க்க வருவது போலச் சாவகாசமாக ரோட்டில் இறங்கி, நடுவில் நின்று, நாக்கை நீட்டியது. தவின் பிரேக்கின் மேல் ஏறி நின்றான். டம் என்று ஒரு சத்தம். வாழைக்கன்று மேளத்தின் மேல் விழுந்தது, மேளம் கோப்பின் மேல் விழுந்தது.

ரோட்டை ஒருவரும் பார்க்கவில்லை. எல்லோரும் தவினின் வாயைத்தான் பார்த்தார்கள். வாய் ஏற்கெனவே 'ஹி' என்று திறந்திருந்தது. புப்பா பாய்ந்து உள்ளங்கையால் பொத்தினாள்.

"முழுங்குடா தம்பி! முழுங்கிடு!"

தவின் விழுங்கினான். கண்ணில் நீர் வந்துவிட்டது.

இறங்கிப் பார்த்தார்கள். வண்டி முன்பக்கத்துக் கம்பி வலை உடைந்து, அந்த ஓட்டைக்குள் உடும்பின் தலையும் தோளும் மாட்டிக்கொண்டிருக்க, மீதி உடம்பு வெளியே தொங்கியது. வால் இப்படியும் அப்படியும் விளாசியது. உயிர் இருந்தது. கல்யாண நாளில் ஒரு உயிரை இழுத்துக்கொண்டு போய்ப் பெண் வீட்டு வாசலில் இறக்க முடியுமா?

"வாலப் புடிச்சு இழுடா," என்றான் மூ.

"நீ புடிடா பன்னி. எனக்கு இன்னும் கல்யாணம் ஆகல," என்றான் கோப்.

அப்போது தவினின் போன் அடித்தது. வாத்தியார்.

"எங்க இருக்க? முகூர்த்தம் நெருங்குது."

"கோயில் வளைவுலதாங்க ஐயா. ஒரு சின்னத் தடங்கல்."

"என்ன தடங்கல்? முழு வாக்கியமா பேசு."

தவின் வானத்தைப் பார்த்தான். நாசூக்கு நாசூக்கு என்று தனக்குள்ளேயே சொல்லிக்கொண்டான்.

"பொன்னும் பணமும்... வண்டிக்கு அடியில போயிடுச்சுங்க ஐயா."

பெண் வீட்டில் காலையிலிருந்து பரிசம், பரிசம் என்றுதான் பேச்சு. போன் ஸ்பீக்கரில் இருந்தது. சுற்றி நின்ற அத்தைமார்களுக்கு வேறு பொன்னும் தோன்றவில்லை, வேறு பணமும் தோன்றவில்லை.

"என்னது! எவ்வளவு போச்சு?"

"நல்ல பெருசுங்க ஐயா. பாதி உள்ள மாட்டிக்கிச்சு. பாதி வெளிய தொங்குது."

"யாரும் கை வைக்காம பாத்துக்க!"

"கை வைக்க யாருக்கும் தைரியம் இல்லீங்க ஐயா."

போன் கட்டானது. பெண் வீட்டுப் பந்தலும் காலியானது. பட்டுப் பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு அத்தைமார்கள் ஓடினார்கள். ஒருத்தி மாவு சலிக்கிற சல்லடையை எடுத்துக்கொண்டாள், இன்னொருத்தி மீன் அரிக்கிற வலையை. சமையற்காரர் கரண்டியோடு ஓடினார். மந்திரம் சொல்ல வந்த பிக்குகள் மட்டும் உட்கார்ந்த இடத்திலேயே உட்கார்ந்து ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். முகூர்த்தத்துக்கு முன்னால் வாசலுக்கு வரக்கூடாத பெண்ணும், பூ வைத்த கொண்டையோடு எல்லோருக்கும் பின்னால் ஓடினாள்.

அதற்குள் இங்கே உடும்பு ஒரு உதறு உதறி, தானாகவே கழன்று கோரைக்குள் போய்விட்டது. அப்பாடா என்று தவின் ஸ்டியரிங்கைப் பிடித்தான். நிமிர்ந்து பார்த்தால் ரோடு நிறையப் பட்டு. அவனிடம் ஒரு வார்த்தை கேட்பார் இல்லை. வந்தவர்கள் வந்த வேகத்தில் வண்டிக்கு அடியிலும் கோரையிலும் குனிந்து தேட ஆரம்பித்தார்கள். சல்லடைக்காரி ரோட்டு மண்ணைச் சலித்தாள்.

வாத்தியார் மூச்சு வாங்க வந்து சேர்ந்தார்.

"எங்க பரிசம்?"

புப்பா மடித்தட்டின் துணியை விலக்கினாள். பொன் பொன்னாக இருந்தது, பணம் பணமாக இருந்தது. சல்லடை அப்படியே நின்றது.

"அப்ப எதுடா போச்சு? ஊரையே ரோட்டுக்கு இழுத்துட்டு வந்து வேடிக்கை பாக்கிறியா?"

"வண்டியில ஒண்ணு அடிபட்டுச்சுங்க ஐயா. அதைத்தான் சொன்னேன்."

"எது அடிபட்டுச்சு?"

"பொன்னும் பணமும்ங்க ஐயா."

அத்தைமார்களுக்குப் புரிந்துவிட்டது. சல்லடைக்காரி சிரிப்பை அடக்க முடியாமல் வாய்க்கால் பக்கம் திரும்பிக்கொண்டாள். வாத்தியாருக்கும் புரிந்தது. புரிந்ததும் அவர் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது பாருங்கள், சரியாகப் பதில் தெரியாத பையன் மாட்டினால் வருமே, அந்த வெளிச்சம்.

"பொன்னும் பணமும்னு ஒரு பிராணியா? அது என்ன மழுப்பல்? நாப்பது வருஷம் பாடம் நடத்தினவன் நான். ஒவ்வொரு ஜீவனுக்கும் ஒரு பேர் இருக்கு. அதைச் சொல்லு."

"ஐயா..."

"சொல்லு. இல்லேன்னா நீ எதையும் இடிக்கல, பொய் சொல்லி முகூர்த்தத்தைக் கெடுத்தன்னு நான் எடுத்துக்குவேன். பொய்யனுக்கு என் பொண்ணு கிடையாது."

சொன்னால் சத்தியம் போச்சு, சொல்லாவிட்டால் பொய்யன். இப்படியும் ஒரு மனிதர் கொக்கி போடுவாரா? படித்தவர்களோடு வம்பு வைத்துக்கொள்ளக்கூடாது என்று சும்மாவா சொல்கிறார்கள். தவின் ரச்சனியைப் பார்த்தான். ஓடி வந்ததில் அவள் முகமெல்லாம் வியர்வை, மை கரைந்து கன்னத்தில் வழிந்திருந்தது. இவ்வளவு அழகாக அவளை அவன் பார்த்ததே இல்லை. கையைவிட்டுப் போகப்போகிறாளே! உதட்டை இறுக மூடிக்கொண்டு கைகூப்பி நின்றான்.

அந்த நேரம் பார்த்து வாத்தியாருக்குப் பின்னால் கோரை அசைந்தது. அதே உடும்புதான். இத்தனை சந்தடியில் அதுவும் பயந்திருக்க வேண்டும். வாய்க்கால் பக்கம் ஓடிவிட ரோட்டில் ஏறி, நேராக வாத்தியாரின் கணுக்காலைப் பார்த்து வந்தது.

எல்லோரும் பார்த்தார்கள். ஒருவராவது வாயைத் திறக்க வேண்டுமே! வாத்தியார் முன்னால் அந்த வார்த்தையை யார் சொல்வது? சமையற்காரர் கரண்டியால் ஜாடை காட்டினார். ஒரு அத்தை இருமினாள். மூ மட்டும் கொஞ்சம் தைரியமாக, "ஐயா, உங்க பின்னாடி பொன்னும் பணமும்..." என்று இழுத்தான்.

"மறுபடியும் பாரு மழுப்பல்!" என்று வாத்தியார் அவன் மேல் பாய்ந்தார். உடும்பு வாயைப் பிளந்தது.

"ஹியா!" என்று கத்தினாள் ரச்சனி. அவர் திரும்பிக்கூடப் பார்க்காமல் அவளையே முறைத்தார். அவள் இன்னும் பலமாக, ஊர் முழுக்கக் கேட்கும்படி, "அப்பா! ஹியா!" என்றாள்.

வாத்தியார் துள்ளிக் குதித்தார். உடும்பாலா, மகளாலா என்று அவருக்கே தெரிந்திருக்காது. அவருடைய இரண்டு காலுக்கும் நடுவில் புகுந்து, வாலால் முழங்காலில் ஒரு போடு போட்டுவிட்டு, அது அந்தப் பக்கத்து வாய்க்காலில் தொப்பென்று விழுந்து நீந்திப் போய்விட்டது.

அத்தைமார்கள் தரையைப் பார்த்தார்கள். பெற்ற அப்பனை, கல்யாணத்தன்று, நடுரோட்டில்! தன் வாய் தப்பித்தும் கல்யாணம் தப்பவில்லையே என்று தவின் நினைத்தான்.

வாத்தியார் முழங்காலைத் தடவிக்கொண்டே நிமிர்ந்தார்.

"யாரைச் சொன்ன?"

ரச்சனி சரிந்த பூவைக் கொண்டையில் திருப்பிச் செருகினாள். "முதல் தடவை சொன்னது அதைத்தான்ப்பா," என்றாள்.

வாத்தியார் மகளை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு தவினைப் பார்த்தார். இத்தனை மாதத்தில் முதல் தடவையாக அவர் பார்வையில் கொஞ்சம் இரக்கம் இருந்தது. கிட்டே வந்து அவன் தோளில் கை போட்டு, குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னார்:

"மாப்ள, வண்டிய எடுங்க. முகூர்த்தம் தப்பிடாம இவளைக் கட்டிக் கூட்டிட்டுப் போயிடுங்க."