வாசனை இல்லாத மெழுகுவர்த்தி

மூன்றாவது கழிவறையின் கதவைச் சாத்திக்கொண்டு அவள் ஒரு தீக்குச்சியைக் கிழித்தாள். சுடர் விரலைத் தொடப்போகும் வரை பொறுத்து, ஊதி அணைத்து, புகையைக் கையால் மூலைமூலையாகத் தள்ளினாள். கரிந்த குச்சியை இடுப்பில் கட்டியிருந்த துணிப்பைக்குள் போட்டுக்கொண்டு அடுத்ததற்கு நகர்ந்தாள். மாடிக்கு ஆறு, அவளுக்கு இரண்டு மாடி. பத்து மணிக்குள் பன்னிரண்டும் முடிய வேண்டும்.

நாற்றம் போனதா இல்லையா என்று அவளுக்குத் தெரியாது. மூக்கு செத்து எட்டு மாதமாகிறது. ஒரு மாடி மட்டும் இருந்த காலத்தில் ஆசிட்டையும் பிளீச்சிங் பவுடரையும் தனித்தனியாகப் போட்டுத்தான் தேய்த்தாள். இரண்டாவது மாடியும் தலையில் விழுந்தபோது, சேர்த்து ஊற்றினால் கறை சட்டென்று விடும் என்று சூப்பர்வைசர் சொல்லிக்கொடுத்தார். விடத்தான் செய்தது. கண்ணிலும் மூக்கிலும் தண்ணீராகக் கொட்டும், நெஞ்சை அடைக்கும். அப்புறம் அதுவும் பழகிப்போயிற்று.

ஒருநாள் வீட்டில் பால் அடிப்பிடித்துக் கருகுவது பக்கத்தில் நின்ற அவளுக்குத் தெரியவில்லை. முதுகில் அடிபட்டுப் படுத்த படுக்கையாய்க் கிடக்கும் புருஷன்தான் உள்ளேயிருந்து குரல் கொடுத்தான். விஷயம் புரிந்ததும், "குடுத்து வச்சவடி நீ. என் வேர்வ நாத்தம் இனிமே உனக்குக் கெடையாது" என்றான். இருவரும் சிரித்தார்கள். இந்த வேலையும் போனால் இரண்டு வயிறும் காயும் என்பதால் வெளியே அவள் மூச்சு விடவில்லை.

தீக்குச்சி அன்றைக்கு வந்த யோசனைதான். கந்தக வாடை முதலில் மூக்கில் ஏறி உட்கார்ந்துகொண்டால் கொஞ்ச நேரத்துக்கு வேறெதுவும் உறைக்காது. பத்து மணிக்கு வாசலில் நின்று மூக்கை உறிஞ்சுவதால் 'மோப்பம்' என்று பேர் வாங்கிய சூப்பர்வைசருக்கு அந்தக் கொஞ்ச நேரம் போதும்.

இன்று பத்து மணிச் சோதனை முடிந்தும் அவர் பன்னிரண்டு மணிக்கு மறுபடியும் வந்தார், கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு.

"மூணாவதுல அடியில குழாய் விரிஞ்சிருக்கு. மாடி பூரா நாறுது. காலையிலயே ஏன் சொல்லல?"

"லேசாத்தான் சார் அடிச்சுது."

அவர் அவளையே பார்த்தார். பிறகு மேசை இழுப்பறையிலிருந்து மஞ்சள் மெழுகுவர்த்தி ஒன்றை எடுத்துவந்து, கொளுத்தி, அவள் முகத்தருகே பிடித்தார்.

"வாசனை மெழுகுவர்த்தி வாங்கி வைக்கச் சொல்லியிருக்காங்க. இது என்ன வாசனைன்னு சொல்லு."

அவள் ஆழமாக இழுத்தாள். சூடு மட்டும் தெரிந்தது. மஞ்சளாக இருந்தது.

"எலுமிச்ச சார்."

"கரண்ட் போனா ஏத்துற மெழுகுவர்த்திம்மா இது. வாசனையே கெடையாது." அவர் அதை ஊதி அணைத்தார். "மூக்கு இல்லாத ஆள வச்சுக்கிட்டு நான் யாருக்குப் பதில் சொல்றது?"

"சேத்து ஊத்தச் சொன்னது நீங்கதான சார்."

"எல்லாருந்தான் ஊத்துறாங்க. எல்லாருக்குமா போச்சு?" அவர் குரல் உயரவில்லை. "நாளைக்கு வேற ஆள் வருது. ஒருநாள் கூட இருந்து வேலையக் காட்டிட்டுப் போ."

வந்தவளுக்கு இருபத்தைந்து வயதிருக்கும். மறுநாள் காலை ஆசிட் பாட்டிலைத் திறந்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"ரெண்டையும் கலக்காதம்மா. மூக்கு போயிரும். எனக்கு அப்பிடித்தான் போச்சு."

"கலக்கத்தான் சொன்னாருக்கா. தனித்தனியாப் போட்டா பத்து மணிக்குள்ள பன்னெண்டும் முடியுமா?"

முடியாது என்பது அவளைவிட யாருக்குத் தெரியும். புதியவள் துப்பட்டாவால் மூக்கை இறுக்கிக் கட்டிக்கொண்டு இரண்டையும் ஊற்றினாள். இருமி இருமிக் குனிந்து, கண்ணீர் வழிய வழியத் தேய்த்தாள். அந்த முகத்தைப் பார்த்துத்தான் நெடி எவ்வளவு இருக்கிறதென்று இவளுக்குத் தெரிந்தது.

பன்னிரண்டாவதும் முடிந்தபோது மணி பத்தாக ஐந்து நிமிடம். அவள் இடுப்புத் துணிப்பையை அவிழ்த்து, கரிந்த குச்சிகளைக் குப்பைக்கூடையில் கொட்டிவிட்டு, பாதி மிச்சமிருந்த தீப்பெட்டியைப் புதியவளிடம் நீட்டினாள்.

"எதுக்குக்கா?"

"வச்சுக்கோ. இப்ப வேண்டியிருக்காது."