மூன்று அறை, ஒரே உத்திரம்

1

இவன் வீட்டை வீடாகப் பார்க்கவில்லை, பலகையாகப் பார்க்கிறான்.

தம்பி தமீம் ஸ்டூலில் ஏறி உத்திரத்தில் சாக்பீஸால் கோடு போட்டபோது அப்ஸானா நினைத்தது இது. அவள் நினைத்தாள் என்பது என் பொறுப்பு. தீவின் டாலிகஞ்சில் ஒரு மழைக்கு அந்த மரவீட்டின் வாசலில் ஒதுங்கினேன். உள்ளே உத்திரத்தில் இரண்டு வெள்ளைக் கோடுகள் தெரிந்தன. மழை விட்டது, கிளம்பிவிட்டேன். யாரும் என்னை உள்ளே கூப்பிடவில்லை; மீதியெல்லாம் நானாக நுழைந்தது.

2

முதலில் எழுதிய தொடக்கம்: ‘கடல் தாண்டி வந்த குடும்பத்தின் வியர்வை அந்தப் படாக் மரத்தின் சிவப்பில்...’ அடித்துவிட்டேன். படாக் பிறவியிலேயே சிவப்பு.

(வீட்டைப் பற்றி இவ்வளவு தெரிந்தால் போதும்: தூண்கள் மண்ணில் புதையாமல் கல்மேல் நிற்கின்றன. தூணின் தலையில் செதுக்கிய நாக்கு உத்திரத்தின் துளைக்குள் ஏறியிருக்கிறது. குறுக்கே ஒரு மர முளை. ஆணி கிடையாது. வரிசையாக மூன்று அறைகள், மூன்றுக்கும் மேலே ஒரே உத்திரம்.)

3

வாப்பா மௌத்தானபின் மார்க்கப்படி தமீமுக்கு இரண்டு பங்கு, அக்காவுக்கு ஒன்று. அறைகளும் மூன்றாக இருந்ததில் தமீமுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. தன் இரண்டையும் அறுத்துக் கழற்றி, சிப்பிகாட்டில் வாங்கிய மனையில் நிறுத்தி, மெயின்லேண்ட் டூரிஸ்டுகளுக்கு வாடகைக்கு விடப்போகிறான். பெயர்ப்பலகை தயார்: ‘முழுமையான பாரம்பரிய வீடு’.

அவனை வில்லனாக்கிப் பார்த்தேன். ஒத்துழைக்கவில்லை. அக்காவுக்குக் காய்ச்சல் என்றால் மாத்திரையோடு பைக்கில் வருகிறவன். அவள் வாய்விட்டுப் ‘பொருந்திக்கிட்டேன்’ என்று சம்மதம் சொல்லாமல் எடுத்தால் ஹராம் என்று பயப்படுகிறவன். அறுத்த பக்கம் தன் செலவில் சிமெண்டுச் சுவர் எழுப்பித் தருவதாகவும் சொன்னான்.

அந்த ஒற்றை அறையில் தனியாகப் படுக்கப்போவது அப்ஸானா. சுனாமி வருஷத்து நிலநடுக்கத்தில் இந்த வீடு மொத்தமாக ஆடி மொத்தமாக நின்றது. தன் கான்கிரீட் வீட்டில் விரிசல் விட, தமீம் பிள்ளைகளோடு இங்கேதான் வந்து படுத்தான். அதை இப்போது அவனிடம் அவள்... (இல்லை. சொல்லிக்காட்டுகிற ஆள் இல்லை அவள்.)

4

“டென்ஷன் மத் லோ, லாத்தா, கவலையே படாதே. கிழக்கு அறையா, மேற்கு அறையா? நீ சொல்ற பக்கம் அறுக்கிறேன்.”

“நடு அறை வேணும்னா?”

தமீம் சிரித்தான். “அது எப்படி? என்னுது ரெண்டு துண்டாயிடுமே.”

“அப்படியா,” என்றாள் அப்ஸானா.

5

முடிவு ஒன்று: மேற்கு என்கிறாள், ரம்பம் இறங்குகிறது, நான் இரண்டு பக்கத்துக்கு உருகுகிறேன். இன்னொன்று: தம்பி மனம் மாறி அழுகிறான், பத்திரிகைகளுக்குப் பிடிக்கும். மூன்றாவதாக ஒரு பூகம்பம். (வெட்கமாக இருக்கிறது.)

எதற்கும் அவள் வாய் திறக்கவேண்டும். நானும் தமீமின் ஸ்டூலுக்குப் பக்கத்தில் போய் நின்றுகொண்டேன்.

“உன் பங்கு உனக்கு உண்டு, தமீம். அதுக்கு எப்பவோ பொருந்திட்டேன்,” என்றாள். “அறுக்கிறதுக்குப் பொருந்த மாட்டேன்.”

தமீம் சாக்பீஸோடு நின்றான். நான் பேனாவோடு நின்றேன். எங்கள் இருவரையும் போகச் சொல்லாமல், அப்ஸானா மீன் அலசப் போனாள்.