ஞாயிறு மாலை ஆறு நாற்பதுக்குள்

சனிக்கிழமை மாலை ஆறு நாற்பதுக்கு வந்த மின்னஞ்சலை நான் ஞாயிறு காலையில்தான் பார்த்தேன். அமெரிக்காவிலிருந்து வந்திருந்தது. இருபத்துநான்கு மணி நேரத்துக்குள் நிறுவனத்தின் உரிமையாளர் கைப்பேசியில் தன் பாஸ்போர்ட்டையும் முகத்தையும் காட்டி உறுதிசெய்ய வேண்டும். இல்லையென்றால் எங்கள் குறியீடு ரத்து.

அந்தக் குறியீடு நான்கே நான்கு ஆங்கில எழுத்துகள். தூத்துக்குடியிலிருந்து அமெரிக்காவுக்குச் சரக்கு அனுப்பும் எங்களைப் போன்ற சின்ன நிறுவனத்துக்கு அந்த நாட்டில் அதுதான் பெயர். பெட்டி கப்பலேறுவதற்கு ஒரு நாள் முன்பே அந்த எழுத்துகளோடு அங்குள்ள சுங்கத்துக்கு விவரம் போய்விட வேண்டும். எழுத்து இல்லாவிட்டால் பெட்டி ஏறாது. தட்டச்சு செய்யும்போதெல்லாம், நான் பார்க்கவே போகாத ஒரு பனி பெய்யும் ஊரில் யாரோ எங்களைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதுபோல எனக்குத் தோன்றும்.

போன வருடம்வரை அதை வருடாவருடம் புதுப்பிப்பதில் கஷ்டம் இல்லை. படிவத்தை நிரப்பி அனுப்பினால் போதும். இரண்டு வாரம் பிந்தினாலும் பொறுத்துக்கொள்வார்கள். இந்த வருடம் முறையை மாற்றிவிட்டார்கள். மின்னஞ்சல் என்றைக்கு வரும் என்று சொல்ல மாட்டார்கள். வந்துவிட்டால் ஒரே நாள்தான்.

எங்கள் முதலாளி கிருபாநிதி சார் சனிக்கிழமை ஆறு மணிக்குக் கைப்பேசியை அணைத்து பீரோவுக்குள் வைத்தால், திங்கள் காலையில்தான் எடுப்பார். அவர் வீட்டில் மூன்று தலைமுறையாக ஞாயிற்றுக்கிழமை வேலை கிடையாது. குழம்பைக்கூட முதல் நாளே வைத்துவிடுவார்கள்.

நான் ஆழ்வார்திருநகரியில் பேருந்து ஏறி நாசரேத்தில் இறங்கினேன். சார் குடும்பம் போகும் சர்ச்சில் ஆராதனை முடிந்து ஆட்கள் வெளியே வந்துகொண்டிருந்தார்கள். சாரின் மனைவி ஜீவமணி ஆன்ட்டிதான் என்னை முதலில் பார்த்தார்.

"ஏளா ஸ்ரீப்ரியா, எங்க கோயிலுக்கு வந்து நிக்க? ஒங்க பெருமாள் கோவிச்சுக்கிட மாட்டாரா?"

நான் விஷயத்தைச் சொன்னேன். சார் வேதாகமத்தைக் கக்கத்தில் இடுக்கியபடி கேட்டுக்கொண்டார்.

"நாளைக்குக் காலைல மொத வேலையா செஞ்சிருவோம்மா."

"நாளைக்கு நம்ம கோடே இருக்காது சார். இன்னிக்கு ஆறு நாப்பதுக்குள்ள."

"ஞாயித்துக்கிழம நான் வண்டிக்குப் பெட்ரோல்கூட போட மாட்டேன். தெரியும்லா?"

"வெள்ளக்காரன்தான ஓய்வுநாள ஒழுங்கா ஆசரிக்கணும்னு நம்ம தாத்தாமாருக்குச் சொல்லிக் குடுத்தான்?" என்றார் ஆன்ட்டி. "இப்ப அவனே ஞாயித்துக்கிழம மூஞ்சியக் காட்டுங்கானா?"

"கேக்குறது ஆள் இல்ல ஆன்ட்டி, மெஷின். அதுக்குக் கிழமை தெரியாது."

வீட்டுக்குப் போனோம். சார் சாப்பிட்டார். கை கழுவிவிட்டு வந்து, "ஜெஸ்டின் பெட்டி நாளைக்கா?" என்று மட்டும் கேட்டார்.

"ஆமா சார். மத்தியானத்துக்குள்ள விவரம் அனுப்பணும்."

ஜெஸ்டின் உலர்பூக்களை ஏற்றுமதி செய்பவர். பத்தொன்பது வருடமாக அவருடைய பெட்டிகள் எங்கள் எழுத்துகளில்தான் போகின்றன. சார் சாய்வு நாற்காலியில் கண்ணை மூடி உட்கார்ந்திருந்தார். தூங்குகிறாரா, ஜெபிக்கிறாரா என்று தெரியவில்லை. மூன்று மணிக்கு எழுந்துபோய் பீரோவைத் திறந்தார். கைப்பேசியை என்னிடம் நீட்டியவர், "வேண்டாம், நான்தான செய்யணும்" என்று திரும்ப வாங்கிக்கொண்டார். பொத்தானை அழுத்தினார். ஆன்ட்டி வேறு பக்கம் பார்த்தார்.

பாஸ்போர்ட்டைக் காட்டினார். ஏற்றுக்கொண்டது. முகத்தைக் காட்டினார். வெளிச்சம் போதவில்லை என்றது. கொல்லைக்குப் போய், கொடியில் கிடந்த துணிகளை ஒதுக்கிவிட்டு வெயிலில் நிற்கவைத்தேன். இடப்பக்கம் திரும்பச் சொன்னது. கண் சிமிட்டச் சொன்னது.

"கல்யாணத்தன்னிக்கு போட்டாக்காரனுக்குக்கூட இம்புட்டு ஒத்துழைப்பு குடுக்கல, இந்த மனுசன்" என்றார் ஆன்ட்டி.

பாஸ்போர்ட்டில் இருந்தது எட்டு வருடத்துக்கு முந்தைய முகம். அதன் பிறகு அவருக்கு இதய அறுவைச் சிகிச்சை நடந்திருந்தது. கன்னங்கள் உள்ளே போய், கழுத்து மெலிந்து, அவரே தன் அண்ணன் மாதிரி ஆகிவிட்டிருந்தார். மூன்றாவது முறைக்குப் பிறகு திரை வெளுத்தது. முகம் பொருந்தவில்லை, அலுவலர் ஒருவர் பரிசீலிப்பார், பதினைந்து வேலைநாள் ஆகும், அதுவரை குறியீடு நிறுத்திவைக்கப்படுகிறது என்று ஆங்கிலத்தில் வந்தது. நான் தமிழில் சொன்னேன். சார் ஆங்கிலத்தில் பட்டம் வாங்கியவர்தான். ஆனாலும் நான் சொல்லி முடிக்கும்வரை புரியாதவர்போலக் கேட்டுக்கொண்டிருந்தார்.

கீழே உதவிக்கு ஓர் எண் இருந்தது. ஒலிபெருக்கியில் போட்டு அழைத்தேன். இரண்டு முறை மணி அடித்ததும் ஒரு பெண் குரல் இனிமையாகப் பேசியது. பதிவுசெய்த குரல். இன்று ஞாயிற்றுக்கிழமை, எங்கள் அலுவலகம் விடுமுறை, திங்கட்கிழமை காலை அழையுங்கள்.

"அவனுவ மட்டும் லீவு எடுத்துக்கிடுதானுவ" என்றார் ஆன்ட்டி.

அந்த நேரத்தில்தான் கைப்பேசி அடித்தது. ஜெஸ்டின். சார் என்னைப் பார்த்தார். அவரே எடுத்தார். ஒலிபெருக்கி இன்னும் அணைக்கப்படவில்லை.

"அண்ணாச்சி! நீங்கதானா? நேத்து அனுப்புன மெசேஜுக்கு இப்பத்தான் ரெண்டு டிக் விழுந்துச்சு. சந்தேகத்துல அடிச்சேன். எடுத்துட்டிய!"

"சொல்லு ஜெஸ்டின்."



"ஞாயித்துக்கிழம நீங்க போன எடுக்கியன்னா… கோடு விஷயமா அண்ணாச்சி? புது முறையில நெறைய பேருக்குக் கெட்டுப்போச்சாமே."

"ஆமா."

"எனக்கு இந்தக் கப்பல விட முடியாது. அங்க பூவுக்குக் காத்துக்கிட்டு இருக்கான். பெட்டிய வேற ஆளுக்கு மாத்திரட்டுமா? கோவிச்சுக்கிடாதிய."

"மாத்திரு."

"அடுத்த தடவ…"

"சரிடே. மாத்திரு."

கைப்பேசியை மேசையில் வைத்தார். மணி நாலே கால். ஆன்ட்டி காப்பி போடப் போனார். சார் சுவர்க்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"ஆறு நாப்பதுதானம்மா சொன்ன? இன்னும் நேரம் கெடக்கே."

"அந்த லிங்க் மூடிருச்சு சார்."

"எதுக்கும் போனப் பிடிச்சுப் பாரு."

அவர் எழுந்து கொல்லைக்குப் போனார். வெயில் சாய்ந்து, துணிக்கொடிக்கு அந்தப் பக்கம் நகர்ந்திருந்தது. அது விழும் இடத்தைத் தேடிப்போய் நின்றார். சட்டைக் காலரைச் சரிசெய்தார். யாரும் சொல்லாமலே இடப்பக்கம் திரும்பினார், கண்ணைச் சிமிட்டினார். நான் அவர் முகத்துக்கு நேராகக் கைப்பேசியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். திரையில் அதே வெள்ளைப் பக்கம்தான் இருந்தது.