நாலாவது ஸ்லைடு

குளிர்கிடங்கின் ஓய்வறையில், கை கழுவும் குழாய்க்கு மேலே ஒரு டிவி மாட்டியிருக்கிறது. அதில் ஐந்து ஸ்லைடுகள் நாள் முழுக்கச் சுற்றிச் சுற்றி வரும். ஒன்றுக்கு இருபது நொடி. ஹெல்மெட் போடு. குனியும்போது முழங்காலை மடக்கு. முதலாளி யாருக்கோ கை கொடுக்கும் போட்டோ. நாலாவதுதான் ஆட்களுக்குச் சோறு: இன்றைக்கும் மறுநாளும் யாருக்கு எந்த ஷிப்ட் என்ற பட்டியல். ஐந்தாவது, கழிப்பறையைச் சுத்தமாக வை.

நாலாவதில் இருப்பது ஒரு இணையப் பக்கம். தலைமை ஆபீஸில் ஒருத்தர் பட்டியலில் கை வைத்தால், அடுத்த சுற்றில் இங்கே தானாக மாறிவிடும். அதை ஓடவிட்டுக் கவனிப்பது என் வேலை. பதினோரு வருஷம் இதே கிடங்கில் பெட்டி தூக்கினேன். ஒரு நாள் அடுக்கு சரிந்து முதுகில் விழுந்தது. இனிமேல் பாரம் தூக்கக்கூடாது என்று டாக்டர் எழுதிக் கொடுத்தார். கம்ப்யூட்டர் முன்னால் உட்காரவைத்தார்கள். ஆட்கள் எனக்கு ரிமோட் என்று பேர் வைத்தார்கள். "ரிமோட்டுக்கு என்னப்பா, ஏசியில உக்காந்து பொத்தான அமுக்குது" என்பார்கள். மைனஸ் பதினெட்டில் நின்று வேலை செய்கிறவர்கள் அதைச் சொல்லும்போது எனக்கே சிரிப்பு வரும்.

அன்றைக்கு வெளியிலிருந்து பெரிய ஆட்கள் சுற்றிப் பார்க்க வருவதாக இருந்தது. காலையிலிருந்து நெட் நொண்டியடித்தது. நாலாவது ஸ்லைடு வரும்போதெல்லாம் திரை வெள்ளையாக நின்றது. சூப்பர்வைசர் இரண்டு தடவை வந்து பார்த்துவிட்டுப் பல்லைக் கடித்தார். பக்கம் ஒழுங்காக வருகிற நேரத்தில் அதை ஒரு படமாகப் பிடித்து அந்த ஸ்லைடில் ஒட்டிவிடு, அவர்கள் போனதும் எடுத்துக்கொள்ளலாம் என்றார். பதினோரு மணி வாக்கில் பக்கம் வந்தது. பிடித்தேன், ஒட்டினேன். பட்டியல் பளிச்சென்று நின்றது.

அவர்கள் மூன்று மணிக்குப் போனார்கள். நாற்காலிகளைத் திரும்ப எடுத்து வைக்க ஆள் இல்லை. நாலு நாற்காலி தூக்கினேன். இடுப்பு பிடித்துக்கொண்டது. ஊசி போட ஆஸ்பத்திரிக்குப் போனவன் அப்படியே வீட்டுக்குப் போய்ப் படுத்துவிட்டேன். ஒட்டிய படத்தின் நினைப்பே வரவில்லை.

நாலு மணிக்கு ஆபீஸில் பட்டியலை மாற்றியிருக்கிறார்கள். ஒட்டிய படம் மாறாது. மாறியது ஒரே ஆள். மத்தியானம் இரண்டு மணி ஷிப்டிலிருந்து காலை ஆறு மணிக்கு. அந்த ஆள் என் தங்கையின் புருஷன்.

மாதத்தில் மூன்று தடவை சொல்லாமல் வராவிட்டால் கேட் அட்டை செத்துப்போகும், வேலையும் போகும். அதுதான் இங்கே சட்டம். பிள்ளைக்குக் காய்ச்சல் வந்து மாப்பிள்ளை அந்த மாதம் ஏற்கெனவே இரண்டு நாள் சொல்லாமல் நின்றிருந்தார்.

மறுநாள் எட்டு மணிக்கு நான் வந்தபோது டிவியில் அந்தப் படம் ஓடிக்கொண்டிருந்தது. படத்தைத் தூக்கிவிட்டுப் பக்கத்தைப் போட்டேன். மாப்பிள்ளையின் வரிசை சிவப்பாக வந்தது. வரவில்லை. போனை எடுத்தேன். என்ன சொல்வது என்று தெரியாமல் வைத்துவிட்டேன்.

ஒன்றரை மணிக்கு அவர் வந்தார். கேட் திறக்கவில்லை. சத்தம் கேட்டு சூப்பர்வைசர் அவரை ஓய்வறைக்குக் கூட்டிவந்து டிவிக்கு முன்னால் நிறுத்தினார். ஹெல்மெட், முழங்கால், முதலாளி எல்லாம் வந்து போகும்வரை மூன்று பேரும் காத்து நின்றோம். பட்டியல் வந்தது. ஆறு மணி, சிவப்பு. நேற்று சாயங்காலம் பார்த்தபோது இரண்டு மணி என்றுதான் இருந்தது என்று மாப்பிள்ளை சொன்னார். சூப்பர்வைசர் என் பக்கம் திரும்பினார்.

"நேத்து பேஜ் சரியா ஓடிச்சா?"

ஒட்டச் சொன்னவர் அவர்தான். கண்ணைக்கூடச் சிமிட்டவில்லை.

"ஓடிச்சு சார்" என்றேன்.

மச்சான் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று மாப்பிள்ளை தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு வெளியே போனார். என்னைத் திட்டியிருந்தால் தேவலை.

சாயங்காலம் தங்கை வீட்டுக்குப் போனேன். ஒரே அறை. அடுப்புக்கும் கட்டிலுக்கும் நடுவில் துணிக் கயிறு. மாப்பிள்ளை போனை என்னிடம் நீட்டினார். ஷிப்ட் முடிந்து கிளம்பும்போது நாலாவது ஸ்லைடைப் போட்டோ எடுத்துக்கொண்டு போவது எங்கள் ஆட்களின் பழக்கம். வீட்டில் காட்ட வேண்டும் அல்லவா.

"மச்சான், இது நேத்து பத்து மணி ஷிப்ட் முடிஞ்சு சாயங்காலம் ஆறேகாலுக்குப் புடிச்சது. ரெண்டு மணின்னுதான் போட்டிருக்கு. இதுல வேற ஏதாவது இருக்கா, எனக்குத்தான் வெளங்கலையா?"

விரலால் பெரிதாக்கிப் பார்த்தேன். பட்டியலின் அடியில் பொடி எழுத்தில் இருந்தது: பக்கம் கடைசியாகப் புதுப்பித்த நேரம் காலை 11:05. அதைப் படிக்கத் தெரிந்தவன் அந்த அறையில் நான் ஒருவன்தான். ஒன்றுமில்லை என்று சொல்லிப் போனைத் திருப்பிக் கொடுத்திருக்கலாம். தங்கை துணி மடிப்பதை நிறுத்திவிட்டு என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். சின்ன வயதிலிருந்தே என் பொய் அவளிடம் செல்லாது. எல்லாவற்றையும் சொன்னேன்.

"விடுங்க மச்சான்" என்றார் மாப்பிள்ளை. "நீங்க போய்ச் சொன்னா உங்க சீட்டும் போயிடும். இந்த முதுக வச்சுக்கிட்டு எங்க போய் நிப்பீங்க?"

"அது அண்ணன் பாடு" என்றாள் தங்கை. குரல் உயரவில்லை. "நாளைக்குப் போய்ச் சொல்லு. சொல்லலன்னா இந்த வாசப்படி மிதிக்காதண்ணே."

மறுநாள் அந்தப் போட்டோவை என் போனில் வாங்கிப்போய் சூப்பர்வைசரிடம் காட்டினேன். வெகுநேரம் பார்த்தார். கதவைச் சாத்தினார்.

"ஒட்டச் சொன்னது யாருன்னு கேப்பாங்களே?"

"நானாத்தான் ஒட்டினேன்னு எழுதித் தர்றேன் சார். அவரு அட்டைய மட்டும் தொறந்துவிடுங்க."

பேனா அவர் கையிலேயே இருந்தது. எழுதினேன். மத்தியானத்துக்குள் மாப்பிள்ளையின் அட்டைக்கு உயிர் வந்தது. என்னுடையது சாயங்காலத்தோடு சரி என்றார்கள். அதுவரை கேட் குமாஸ்தாவுக்கு டிவி வேலையைச் சொல்லிக்கொடுக்க வேண்டுமாம். சொல்லிக்கொடுத்தேன். பக்கம் வெள்ளையாக வந்தால் என்ன செய்வது என்று அவர் கேட்டார்.

"அப்படியே விட்டுடுங்க. வெள்ளையா இருந்தா ஆளுங்க வந்து கேப்பாங்க" என்றேன்.

இரண்டு மணி ஷிப்டுக்கு மாப்பிள்ளை பஞ்சு கோட்டு மாட்டிக்கொண்டு உள்ளே போனார். என்னைக் கடக்கும்போது நின்றார். கையுறையை இழுத்துவிட்டுக்கொண்டு போய்விட்டார்.

அட்டையைக் கொடுத்துவிட்டு வெளியே வந்தேன். ரோட்டுக்கு எதிர்ப்பக்கம் ஒரு சிமெண்ட் கிடங்கு. ஆள் தேவை என்று போர்டு தொங்கியது. மேஸ்திரி என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"மூட்டை அம்பது கிலோ. தூக்குவீங்களா?"

தூக்குவேன் என்றேன்.