பாஸ் வைத்திருந்தவர்கள்

என் அண்ணனைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். போகப் போக மனம் வராது. லாரி ஓட்டப் போன என் கணவர், நாட்டில் லாரிகளெல்லாம் நின்றபோது எங்கேயோ தானும் நின்றுவிட்டார், திரும்பி வரவில்லை. அப்போது மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் எனக்கு வேலை வாங்கித் தந்தவன் அண்ணன். எங்கள் பேருந்தின் நடத்துனர் அவன்தான். விடியற்காலையில் நான் விழுந்தடித்துக்கொண்டு ஓடி வரும்வரை விசிலை வாயிலேயே வைத்துக்கொண்டு ஊதாமல் நிற்பான்.

எங்கள் குடியிருப்பு நகரத்திலிருந்து இருபத்தாறு கிலோமீட்டர். பெட்ரோல் தண்ணீராக ஓடிய காலத்தில் கட்டியது. ‘நகரத்துக்கு இருபதே நிமிடம்’ என்ற பலகை இன்னும் நுழைவாசலில் நிற்கிறது. அதை எழுதிய புண்ணியவான் கையில் கிடைத்தால் ஒரு சைக்கிளைக் கொடுத்து எங்கள் ஏற்றத்தை ஏறச் சொல்லலாம் என்று இருக்கிறேன். வீட்டுக்கு வாரம் ஐந்து லிட்டர் என்றார்கள், பிறகு இரண்டு, பிறகு தானிய லாரிக்கும் ஆம்புலன்சுக்கும் மட்டும் என்றார்கள். வீட்டு வாசல்களில் நிற்கும் கார்களில் இப்போது கோழிகள் அடைகாக்கின்றன. பேருந்து மட்டும் காலை ஐந்து மணிக்குப் போய் மாலை ஆறரைக்குத் திரும்பி வந்துகொண்டிருந்தது.

அதற்கும் ஒரு நாள் போக்குவரத்துத் துறையிலிருந்து கடிதம் வந்தது. ஒவ்வொரு வழித்தடத்திலும் ஒரு வாரம் ஆட்களை எண்ணுவார்களாம். நடைக்குச் சராசரியாக ஐம்பது பேர் இருந்தால் பேருந்து தப்பிக்கும். இல்லாவிட்டால் அதன் டீசல் வேறு தடத்துக்குப் போய்விடும். எங்கள் வண்டியில் ஏறுவது முப்பது பேர். வண்டி நின்றால் நான் மருத்துவமனை விடுதியில் தங்கித்தான் வேலை பார்க்க வேண்டும். அங்கே குழந்தைகளைச் சேர்ப்பதில்லை. என் மகளுக்கு ஆறு வயது. பக்கத்து வீட்டுத் தையல்காரம்மா பகலில் அவளைப் பார்த்துக்கொள்வார்கள்தான். ஆனால் மாதத்துக்கு ஒரு தடவை தானிய லாரியில் தொற்றிக்கொண்டு வந்து முகத்தைப் பார்த்துவிட்டுப் போகிற பிழைப்பை நினைத்துப் பார்க்கவே எனக்குப் பிடிக்கவில்லை.

தையல்காரம்மா வீட்டில்தான் கூடிப் பேசினோம். துறை அலுவலகத்துக்கே போய் மனு கொடுப்போம் என்றார் சலூன்காரர். அண்ணன் சிரித்தான்.

“மனு குடுத்தா ஆள் இல்லைன்னு நாமளே ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிடும். ஒரு வாரம் எல்லாரும் ஏறிக் காட்டுங்க, போதும். எண்ணப்போறது நான்தானே.”

பிறகு ஏதோ ஞாபகம் வந்தவன் மாதிரிச் சொன்னான்: “வாரப் பாஸா எடுத்துடுங்க. அத்தனை பேருக்கும் டிக்கெட் கிழிக்கற வரைக்கும் வண்டி நின்னா டீசல் வீண்.”

நல்ல யோசனை என்று எல்லாரும் தலையாட்டினோம். சலூன்காரர் மட்டும் அரை மனதாக ஆட்டினார்.

ஆள் சேர்க்கும் வேலை என் தலையில் விழுந்தது. கால் தேய வீடு வீடாக நடந்தேன். நகரத்தில் ஒரு வேலையும் இல்லாதவர்களை விடியற்காலை நாலு மணிக்கு எழுப்பி, பகல் முழுக்கப் பேருந்து நிலையத்தில் உட்கார்ந்திருந்துவிட்டு வா என்று சொல்வது லேசா? ஆனாலும் வந்தார்கள். முழங்கால் வலியோடு தையல்காரம்மா வந்தார்கள். என் மகளையும் மடியில் வைத்துக்கொண்டு வந்தார்கள். சலூன்காரர் கடையைப் பூட்டிவிட்டு வந்து, சும்மா இருக்கப் பிடிக்காமல் நிலையத்து பெஞ்சிலேயே நாலு பேருக்கு முடி வெட்டினார். நடைக்கு அறுபத்து மூன்று பேர். அண்ணன் படியில் தொங்கிக்கொண்டு, “உள்ள போங்க, உள்ள போங்க, மூச்சை இறங்கும்போது விட்டுக்கலாம்,” என்பான். வண்டியே குலுங்கிச் சிரிக்கும். ஏழு நாளும் அப்படித்தான். எனக்கு அந்த வாரம் பெருமை பிடிபடவில்லை.

அடுத்த மாதம் பேருந்தின் கண்ணாடியில் அறிவிப்பு ஒட்டினார்கள். சராசரி ஒன்பது பேர். மாதக் கடைசியோடு சேவை நிறுத்தம்.

அன்று சலவைக்கூடத்தில் விறகுக் கொதிகலன் சூடேறும் இடைவேளையில், ஈரக் கையோடு பணிமனைக்கு ஓடினேன். மின்சாரத்தை மிச்சம் பிடிக்க மேசைகளையெல்லாம் ஜன்னல் ஓரமாக இழுத்துப் போட்டிருந்தார்கள். எழுத்தரம்மா எங்கள் தடத்தின் தாள்களை எடுத்து என் முன்னால் பரப்பினார்.

“இது கிழிச்ச டிக்கெட். வழியில ஏறினவங்க. சராசரி ஒன்பது. சரியாத்தான் இருக்கு.”

“நாங்க அறுபது பேருக்கு மேல பாஸ்ல வந்தோம்மா.”

“பாஸுக்குத் தனிக் கட்டம் இருக்கு, பாருங்க. எத்தனை பேர்னு நடத்துனர் எழுதணும்.”

பார்த்தேன். ஏழு நாள், பதினான்கு நடை, பதினான்கு கட்டம். ஒவ்வொன்றிலும் அடிக்கோல் வைத்துப் போட்ட மாதிரி ஒரு சின்னக் கோடு. கீழே அண்ணனின் கையெழுத்து. பள்ளியில் என் மதிப்பெண் அட்டையில் அப்பாவுக்குப் பதிலாக அவன் போட்டுக் கொடுத்த அதே வளைந்த கையெழுத்து.

“மறந்திருப்பாரு,” என்றேன். என் வாய் இன்னும் அவன் பக்கம்தான் பேசியது.

“பதினாலு தடவையா?” எழுத்தரம்மா குரலைத் தாழ்த்தினார். “தடம் நின்னுபோன நடத்துனருங்களுக்குத்தான் டவுன்ல ஓடப்போற மின்சார டிராம் வேலையில முதல் இடம். மொத்தமே பதினோரு இடம். உங்க நடத்துனர் பேரு ரெண்டாவதா இருக்கு.” இழுப்பறையிலிருந்து ஒரு படிவத்தை எடுத்தார். “பொய்க் கணக்குன்னு யாராவது எழுதிக் குடுத்தா திரும்ப எண்ணுவாங்க. வெள்ளிக்கிழமைக்குள்ள குடுக்கணும்.”

மாலையில் அண்ணன் பணிமனை முற்றத்தில் வண்டிக்குள் இருக்கைகளைத் துடைத்துக்கொண்டிருந்தான். நான் ஏறி நின்றேன். கையில் படிவத்தைப் பார்த்தான். துடைப்பதை நிறுத்தவில்லை.

“பாத்துட்டியா,” என்றான்.

“ஏன்ணா?”

“டீசல் எத்தனை நாளைக்கு வரும்னு நினைக்கற? ஒரு வருஷம். மிஞ்சிப்போனா ஒன்றரை. எல்லா வண்டியும் நிக்கத்தான் போகுது. கடைசியா நிக்கற வண்டிக்காரனுக்கு டிராம்ல என்ன மிச்சம் இருக்கும்? எனக்கும் ரெண்டு பிள்ளைங்க.”

“அந்த ஒரு வருஷம் என் பொண்ணோட இருந்திருப்பேன்ல.”

அவன் அடுத்த இருக்கைக்கு நகர்ந்தான்.

“சரி. நிறுத்தணும்னா நிறுத்திட்டுப் போ. என்னை எதுக்கு வீடு வீடா அனுப்பின?”

“சும்மா விட்டிருந்தா நீங்க மனு குடுத்திருப்பீங்க. மேல இருந்து ஆள் வந்து எண்ணியிருப்பான்.” துணியைப் பிழிந்தான். “நீ போய்க் கூப்பிட்டா எல்லாரும் நம்புவாங்க.”

அவன் என் கழுத்தை அறுத்ததுகூட எனக்குப் பெரிதாகத் தெரியவில்லை. அறுக்கிற கத்தியாகவும் என்னையே எடுத்திருந்தான். அதுதான் தாங்கவில்லை. அறைய வேண்டும் போலிருந்தது. பிறந்ததிலிருந்து அவனை நான் அடித்ததில்லை, கை எப்படி ஓங்குவது என்றே தெரியவில்லை.

“டிராம்காரங்க குடியிருப்புல ரெண்டு ரூம் தராங்க,” என்றான். “ஒண்ணுல நீயும் பாப்பாவும் இருங்க. உன்னை விட்டுட்டுப் போவேன்னா நினைச்ச? மருத்துவமனை நடந்து போற தூரம். பாப்பா தினம் உன்கூடத்தான் தூங்குவா.” பிறகு, வண்டியில் தள்ளி நிற்கச் சொல்கிற அதே சாதாரணக் குரலில், “அதை எழுதிக் குடுத்தேன்னா எனக்கு இடம் போயிடும். உனக்கும் ரூம் இல்ல,” என்றான்.

வழி முழுக்க அந்தக் கணக்கைத்தான் போட்டுக்கொண்டு வந்தேன். எழுதிக் கொடுத்தால் எல்லாருக்கும் ஒரு வருடம், அதற்குப் பிறகு எனக்கு விடுதி. கொடுக்காவிட்டால் என் மகள் என்னோடு. அவள் வளர்ந்து ஆளாகும் வரை என்னோடு. எப்படிக் கூட்டிக் கழித்தாலும் விடை ஒன்றுதான் வந்தது. அதைப் போடச் சொல்லிக் கொடுத்தவன் மேல் எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது.

நிறுத்தத்தில் பாதிக் குடியிருப்பும் கூடியிருந்தது. தையல்காரம்மா என் மகளின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். நான் பணிமனைக்குப் போன செய்தி தானிய லாரியோடு எனக்கு முன்னால் வந்து சேர்ந்திருந்தது.

“என்ன தங்கச்சி, என்ன சொன்னாங்க?” என்றார் சலூன்காரர்.

அண்ணன் படியிலேயே நின்றான். இறங்கவும் இல்லை, விசில் ஊதவும் இல்லை.

“பாஸை எண்ண மாட்டாங்களாம்ணே,” என்றேன். “டிக்கெட்டைத்தான் எண்ணுவாங்களாம். விதியே அப்படித்தானாம்.”



“பாவம், உங்க அண்ணனுக்கும் தெரியலை போல,” என்றார் சலூன்காரர். “மனுசன் நல்லதுன்னு நினைச்சுத்தான் சொன்னாரு. விடும்மா. நீ நடந்த நடைக்கு வேற யாராவதா இருந்தா காலே ஒடிஞ்சிருக்கும்.”

தையல்காரம்மா என் தோளைத் தட்டிக் கொடுத்தார்கள். அந்தக் கையை உதறிவிட்டு உண்மையைக் கத்தியிருக்கலாம். வெள்ளிக்கிழமைக்கு இன்னும் இரண்டு நாள் இருந்தது. மகளைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு நடந்தேன்.

மாதக் கடைசி நாள், நகரத்துக்குப் போகும் கடைசி நடையில் நாங்கள் கிளம்பினோம். அண்ணன் ஓட்டுநரோடு முன்னால் நின்றுகொண்டு பின்னால் திரும்பவே இல்லை. எங்கள் மூட்டைகளையும் மகளின் கட்டிலையும் கூரைமேல் ஏற்றிக் கட்டியது சலூன்காரர். வியர்வையைத் துடைத்துக்கொண்டு ஜன்னலோரம் வந்தார்.

“டவுன்ல இருக்கப் போற நீ ஒருத்திதான். துறை ஆபீஸ் பக்கம்தானே வீடு? எங்களுக்காக ஒரு வார்த்தை பேசிப் பாரும்மா. நீ பேசினா கேப்பாங்க.”

“பேசறேன்ணே,” என்றேன்.

அவர் நம்பினார்.