‘அப்ஹோலன்’ என்றால் போய்க் கூட்டிவருவது

1

“சீக்கிரம் சொல்லுடா, ‘அப்ஹோலன்’ ஆளுக்கா, சாமானுக்கா?”

விமான நிலையத்துக்குப் பறந்த டாக்சியில் அக்கா என் தோளை உலுக்கினாள். மடியில் அவளுடைய ஜெர்மன் நோட்டு.

(இந்தக் கதை எனக்குக் கிடைத்தது இப்படித்தான். டிரைவரை மட்டும் கொஞ்சம் கலகலப்பாக்கியிருக்கிறேன்.)

“ரெண்டுக்கும்தான்க்கா. ஸ்கூல்லேருந்து பிள்ளையக் கூட்டிட்டு வர்றது, சலவைக் கடையிலேருந்து கோட்டை வாங்கிட்டு வர்றது, எல்லாத்துக்கும் அதே வார்த்தை. அங்க ஒண்ணு உனக்காகக் காத்திருக்கணும். நீ போய்க் கொண்டுவரணும்.”

“அப்ஹோலன், அப்ஹோலன்…”

“அந்த ஊர்ல இவ்வளவு செருமினாத்தான் பேச்சு வருமாம்மா?” என்றார் டிரைவர்.

அக்கா சிரிக்கவில்லை.

2

வேறு தொடக்கமும் எழுதிப் பார்த்தேன்: ‘ஆறு வருடப் பிரிவுக்குப் பிறகு கணவனைக் காணப் போகும் அவள் கன்னத்தில்…’

அடித்துவிட்டேன்.

அத்தானுக்கு ஜெர்மனியில் ரொட்டித் தொழிற்சாலையில் வேலை. அக்காவுக்கு விசா வேண்டுமென்றால் ஜெர்மன் தேர்வு தேற வேண்டும். இரண்டு தடவை கோட்டைவிட்டாள். தையல் மெஷின்மேல் நோட்டைச் சாய்த்துவைத்து மறுபடி உட்கார்ந்தாள். கேள்வி கேட்கும் அதிகாரி வேஷம் எனக்கு. அவள் எழுதிய வாக்கியங்களிலெல்லாம் ஒரே ஆள்: ‘என் கணவர் என்னை அழைத்துப்போக வருவார்.’ ‘மழை பெய்தாலும் வருவார்.’

“வேற ஆளே கிடைக்கலையாக்கா?”

“வேற யாருடா என்னைக் கூப்பிட வருவா?”

மூன்றாம் தடவை தேறினாள். ஒரு திங்கட்கிழமை விசா வந்தது.*

3

முடிவுகள்.

(அ) அங்கே அத்தான் பூங்கொத்தோடு நிற்கிறார். பொய். அவர் பூ வாங்குகிற ரகமில்லை, குடை கொண்டுவருவார்.

(ஆ) அத்தான் குடையோடு நிற்…

எந்த முடிவிலும் அவரை நிற்கவைக்க என்னால் முடியவில்லை.

4

டாக்சி நின்றது. அக்கா இறங்காமல் நோட்டை நீட்டினாள். புதிய வாக்கியம் ஒன்று. ஆட்கள் பழைய ஆட்கள்தான், இடம் மாறியிருந்தார்கள். ‘நான் என் கணவரை அழைத்துப்போக வந்திருக்கிறேன்.’

“தப்பில்லையே?”

“இல்லக்கா.”

“ஆஸ்பத்திரிப் பிணவறையில இதைச் சொன்னாப் புரியுமில்ல?”

தொடர்கதையில் வாராவாரம் பிணம் விழவைத்துப் பிழைப்பவன் நான். தலையை மட்டும் ஆட்டினேன்.

“அப்ப அவர் எனக்காகக் காத்திருக்கார்னுதானே அர்த்தம்?”

இங்கே தம்பி ஏதாவது சொல்லியாக வேண்டும். என்னால் முடியவில்லை, நீங்கள் சொல்லுங்கள். சீக்கிரம். பின்னால் நிற்கிற வண்டிகள் ஹாரன் அடிக்கின்றன.

* செவ்வாய்க்கிழமை வந்த போனைப் பற்றி இந்த இடத்தில் எழுதியிருக்க வேண்டும். தள்ளிப்போட்டேன்.