மூன்றாவது ஊர்

சலவைக்கடைக்காரிக்கு ஐம்பது நெருங்கிக்கொண்டிருந்தது. ஒரே மகள் கல்யாணமாகிக் கடல் தாண்டிப் போய்விட்டாள். கடை இருந்த கட்டடத்தை இடிக்கப்போவதாகச் சொல்லிவிட்டார்கள். சரி, ஊரையே மாற்றிப் பார்ப்போம் என்று புருஷனும் பெண்டாட்டியும் கிளம்பிவிட்டார்கள்.

கல்யாணமான நாளிலிருந்து இருவருக்கும் ஒரே கடை. அவள் துணி வாங்கிக் குறி போடுவாள், அவன் தேய்ப்பான். ஒரு ராத்திரிகூடப் பிரிந்து இருந்ததில்லை. பிரசவத்துக்கு அவள் ஆஸ்பத்திரியில் கிடந்தபோதும் வராந்தா பெஞ்சில் காலை மடக்கிக்கொண்டு படுத்திருந்தவன் அவன். கோந்து போட்டு ஒட்டின ஜோடி என்று நாத்தனார் கேலி செய்வாள்.

முதலில் பார்த்த ஊரில் தண்ணீர் சரியில்லை. வெள்ளைச் சட்டையெல்லாம் பழுப்பாகிவிடும். இரண்டாவது ஊர் முழுக்க மேடும் பள்ளமும். அவள் முழங்கால் முரண்டு பிடித்தது. மூன்றாவது ஊரைக் கண்டுபிடித்தவளும் அவள்தான். அப்படி ஓர் ஊர் இருப்பதே அவனுக்குத் தெரியாது.

பஸ்ஸை விட்டு இறங்கிப் பசிக்கு ரொட்டி வாங்கினார்கள். கடைக்காரர் அவளுக்கு மெல்லிசாகவும் அவனுக்குத் தடிமனாகவும் நறுக்கிக் கொடுத்தார். அப்படி நறுக்கச் சொல்லி யாரும் கேட்கவில்லை. அவனுக்குத் தடிமனாக இருந்தால்தான் பிடிக்கும். எதிர்ச்சாரியில் சலூன்காரர் அவனைப் பார்த்துக் கத்தரிக்கோலோடு கையை உயர்த்தினார். ஆள் மாறிப்போச்சு போல என்று அவன் சிரித்தான். அவளும் சிரித்து வைத்தாள்.

தரகர் காட்டிய வீடு மூன்றாவது மாடியில். வெளிச்சமும் காற்றும் தாராளமாக வந்தன. சமையலறை ஜன்னல் மட்டும் அசையவில்லை. தரகர் தள்ளித் தள்ளிப் பார்த்து மூச்சு வாங்கினார். இவன் போய், கீழ்மூலையை உள்ளங்கையால் தூக்கி, சட்டத்தை முழங்கையால் ஒரு இடி இடித்தான். திறந்துகொண்டது. வந்தவர்கள் யாராலும் முடியவில்லையே என்று தரகர் ஆச்சரியப்பட்டார். அவன் தன் முழங்கையையே பார்த்துக்கொண்டு நின்றான்.

வெளியே வந்தபோது எதிர்வீட்டு நர்ஸ் சீருடையோடு கதவைப் பூட்டிக்கொண்டிருந்தாள். அவனைப் பார்த்ததும் அவள் முகம் வாடியது. கிட்டே வந்து, "வந்துட்டீங்களா? அவங்க கஷ்டப்படாம போனாங்களா?" என்று மெதுவாகக் கேட்டாள்.

"தூக்கத்துலயே போயிட்டா. காலைல எழுப்பப் போனேன், கை சில்லுனு இருந்துச்சு" என்றான் அவன்.

நர்ஸ் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பிறகு சலவைக்கடைக்காரியிடம் திரும்பி, "நீங்க அவருக்கு என்ன உறவு?" என்று மரியாதையாக விசாரித்தாள். பதிலுக்குக் காத்திராமல் நர்ஸ் வேலைக்கு நேரமாகிறதென்று படியிறங்கிப் போய்விட்டாள்.

தரகரை அனுப்பிவிட்டுத் தெருமுனையில் அவனை நிறுத்தினாள்.

"என்னங்க, யாரு தூக்கத்துல போனது?"

"தெரியல. அந்தம்மா கேட்டதும் வாயில வந்துடுச்சு." முழங்கையைத் தடவிக்கொண்டே, "பொய் சொன்ன மாதிரி இல்லடி" என்றான். அவள் கையைப் பிடித்தவன், பஸ் ஏறி ஊர் வந்து சேரும்வரை விடவே இல்லை.

அந்த வீடு வேண்டாம் என்று மறுநாளே தரகருக்குச் சொல்லிவிட்டாள். அவன் மறுபேச்சுப் பேசவில்லை. மேடு பள்ளமான இரண்டாவது ஊரிலேயே கடை போட்டார்கள். முழங்காலுக்குப் பட்டை கட்டிக்கொண்டாள். வியாபாரம் சூடு பிடித்தது. இந்தக் காலை வைத்துக்கொண்டு அந்த ஊர் எதுக்கும்மா என்று போனில் மகள் அலுத்துக்கொண்டபோது, ஏதோ சொல்லி மழுப்பினாள்.

அவன் பழையபடிதான் இருக்கிறான். சீட்டியடித்துக்கொண்டே தேய்க்கிறான். அந்த ஊர்ப் பேச்சை மட்டும் இருவரும் எடுப்பதில்லை.

முன்பெல்லாம் அவன் வந்து உலுக்கினால்தான் அவள் எழுந்திருப்பாள். இப்போது லீவு நாளில்கூட அவனுக்கு முன்னால் எழுந்து, சமையலறையில் பாத்திரங்களைச் சத்தமாக உருட்டுகிறாள்.